அந்த இன்டு மார்க்கைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கைப்பேசி விளையாட்டுகள் முதியவர்களின் நேரத்தை விழுங்குகின்றன என்று சென்ற ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. எனக்கு வயது 71. தினமும் விளையாடுகிறவன். என் நேரத்தில் பாதியை விழுங்குவது விளையாட்டுக்கு நடுவே வரும் விளம்பரம்தான். அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

நான் ஆடுவது 2048. ஒரே எண் உள்ள இரண்டு கட்டங்களை மோதவிட்டால் ஒன்றாகி இரட்டிப்பாகும்; அப்படியே ஏறி 2048ஐத் தொட வேண்டும், அவ்வளவுதான். கேப்ரியேல் சிருல்லி என்ற இத்தாலியப் பையன் 2014 மார்ச்சில், தன் 19ஆம் வயதில், ஒரு வார இறுதியில் உட்கார்ந்து எழுதியது. காசு கேட்காமல் நிரலையும் எல்லாருக்கும் திறந்து வைத்துவிட்டான். ஆளாளுக்கு அதை எடுத்து விளம்பரம் சேர்த்துக் கடை விரித்துவிட்டார்கள். என் போனில் இருப்பதும் அப்படியொரு நகல் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

போன மாதம் ஒரு நாள் கீழ் மூலையில் 1024 வந்துவிட்டது. பக்கத்தில் 512, அதற்கடுத்து 256. இன்னும் கொஞ்சம்தான். அப்போது ஒரு காலணி விளம்பரம் வந்து திரையை மூடியது. அதன் மேல் ஒரு முடி கிடந்தது. ஊதினேன். சட்டை நுனியால் துடைத்தேன். நகத்தால் சுரண்டியபோது அந்தக் காலணிக் கடையே திறந்துகொண்டது. முடியைப் படத்திலேயே வரைந்து வைத்திருக்கிறார்கள்! "தாத்தா, அது முடி இல்ல, விளம்பரம். ரொம்பப் பழைய ட்ரிக்" என்று பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். கடையை மூடிவிட்டுத் திரும்பினால் என் 1024ஐக் காணோம். காலிப் பலகையில் இரண்டு 2கள் மட்டும் நின்றன.

முடி ஒரு நாள் கூத்து. விளம்பரத்தை மூடுவதற்கான இன்டு மார்க் தினசரித் தொல்லை. மேல் மூலையில் 5, 4, 3 என்று எண்ணுவார்கள். எண்ணி முடித்ததும் ஓர் அம்புக்குறி வரும். அதை அழுத்தினால் இன்னொரு படம். அதுவும் முடிந்தபிறகு, வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் நிறத்தில், எறும்புத் தலை அளவுக்கு ஓர் இன்டு மார்க். அதுவும் இந்த முறை எதிர் மூலையில். விரல் அரை மயிரிழை தவறினால் ஆப் ஸ்டோர் திறக்கும். நான் வேலையில் முதல் பதினாலு வருஷம் அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்தவன். 6 பாயிண்ட் அளவுப் பொடி எழுத்தைத் தலைகீழாகப் படித்துப் பழகிய கண்ணே இதில் திணறுகிறது. தொடும் பொத்தான் 44 பாயிண்டுக்குக் குறையக்கூடாது என்பது ஆப்பிளின் வழிகாட்டுதல். அவர்கள் பாயிண்ட் எங்கள் அச்சகப் பாயிண்டைவிடச் சிறியது; போனில் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் வரும். ஆண்ட்ராய்டில் 9 மில்லிமீட்டர் அளவு சொல்கிறார்கள். 'வாங்கு' பொத்தானுக்கு இந்த அளவைத் தாராளமாகவே தருகிறார்கள். ஆளை ஏமாற்றி அழுத்தவைக்கும் இந்த மாதிரி வேலைகளுக்கு ஹாரி பிரிக்னல் என்ற வடிவமைப்பாளர் 2010லேயே 'டார்க் பேட்டர்ன்' என்று பெயர் வைத்துவிட்டார்.

விளம்பரம் காட்டும் விளையாட்டாவது உண்மையா என்றால் அதுவும் கிடையாது. ஊசியை உருவித் தண்ணீரை நெருப்பில் விட்டு ராஜாவைக் காப்பாற்றும் விளம்பரத்தைப் பார்க்காதவர் இருக்க முடியாது. இறக்கிப் பார்த்தால் உள்ளே பழம் அடுக்குகிற வேறு ஏதோ ஆட்டம். இப்படிப்பட்ட இரண்டு விளம்பரங்களை 2020ல் பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் தடுத்தது. அந்த ராஜாவோ உலகம் முழுக்க மீம் ஆகிவிட்டார். வடிவேலு தலையை ஒட்டிய ஒன்றைப் பேத்தி எனக்கே அனுப்பினாள். 2023ல் ஜப்பானில் ஒரு நிறுவனம், அந்தப் பொய் விளம்பரங்களில் வந்த ஆட்டங்களை நிஜமாகவே செய்து விற்பனைக்கு விட்டது. கிண்டலுக்கும் ஒரு சந்தை இருக்கிறது, பாருங்கள்.

இப்போது உங்கள் இணையதளத்துக்கு வருகிறேன். கோபித்துக்கொள்ளக் கூடாது.

என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவரின் மறைவுச் செய்தியை அதில்தான் படித்தேன். படித்தேன் என்பதைவிடத் தேடினேன் என்று சொல்லலாம். முதலில் அறிவிப்புகளை அனுப்பட்டுமா என்ற கேள்வி. பிறகு செயலியை நிறுவச் சொல்லும் பட்டை. கீழே தானாக ஓடத் தொடங்கிய ஒரு வீடியோ. கடைசியில் நண்பரின் படத்தின் மேலேயே ஒரு ரம்மி விளம்பரம் குதித்துக்கொண்டிருந்தது. அதை மூட விரலை வைக்கவும் பக்கம் திடீரென்று கீழே நழுவி, விரல் வேறெதிலோ பட்டு, வேறெங்கோ போய்விட்டேன்.

பக்கம் நழுவுவது ஏன் என்று எனக்குத் தெரியும். படம் தாமதமாக வந்து இறங்குகிறது. அதற்கு இடம் ஒதுக்காததால் வரிகளைத் தள்ளிவிடுகிறது. ஈய எழுத்துக் காலத்தில் படத்தின் பிளாக், அதாவது அதை அச்சடிக்கும் உலோகக் கட்டை, இரவு பதினொன்றுக்குத்தான் வந்து சேரும். அதன் அகல உயரத்தைக் கேட்டு வாங்கி, அந்த அளவுக்கு வெற்றிடம் விட்டுத்தான் வரிகளைக் கட்டி வைப்போம். உங்கள் தளத்தைச் செய்கிறவர்களும் படத்தின் அளவை முன்கூட்டியே எழுதிவிட்டால் போதும். விளம்பரப் பெட்டிக்கும் அதே மருந்துதான்.

விளம்பரமே வேண்டாம் என்று சொல்ல நான் யார்? என் சம்பளமும் அதிலிருந்துதான் வந்தது. இணையத்தில் தனிச் சாளரத்தில் எழும்பும் பாப் அப் விளம்பரத்துக்கு முதன்முதலில் நிரல் எழுதியவர்களில் ஒருவரான ஈத்தன் ஜுக்கர்மேன், 2014ல் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். ஒரு கார் நிறுவனத்தின் விளம்பரம் பொருந்தாத ஒரு பக்கத்தில் வந்துவிட, இரண்டையும் பிரித்து வைக்கத்தான் அப்படிச் செய்தாராம். உங்களை நான் மன்னிப்பெல்லாம் கேட்கச் சொல்லவில்லை. இன்டு மார்க் 7 மில்லிமீட்டர் இருக்கட்டும், முதல் தொடுதலிலேயே மூடட்டும், மறைவுச் செய்திப் பக்கத்தில் எதுவும் குதிக்க வேண்டாம்.

நான் இப்போதெல்லாம் டேட்டாவை அணைத்துவிட்டுத்தான் 2048 ஆடுகிறேன். விளம்பரம் வருவதில்லை, நேற்று முன்தினம் 2048ஐயும் தொட்டுவிட்டேன். உங்கள் தளத்தை அப்படிப் படிக்க வழியில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பக்க வடிவமைப்பாளர் ஒருவர்