‘பிஸ்கட்’ தவறில்லை: பள்ளி முதல்வருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கும் ஆங்கில ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

நான்காம் வகுப்பு அரையாண்டுத் தேர்வின் ஆங்கில விடைத்தாள் பற்றி இரண்டு முறை நேரில் வந்து பேசிவிட்டேன். “புத்தகத்தில் இருப்பதுதான் விடை” என்று இரண்டு முறையும் அனுப்பிவிட்டீர்கள். அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன். என் மகளிடம் குறைத்த இரண்டு மதிப்பெண்களைத் திரும்பக் கொடுங்கள். அவள் எழுதியது சரி என்று வகுப்பில் சொல்லுங்கள்.

படத்தைப் பார்த்துப் பெயர் எழுதும் கேள்வி அது. சாக்லேட் துண்டுகள் பதித்த வட்டமான பண்டத்துக்கு அவள் ‘பிஸ்கட்’ என்று எழுதினாள். அதை அடித்துவிட்டு ‘குக்கி’ என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறீர்கள். துளையிட்ட மெல்லிய பண்டத்துக்கு ‘சால்ட் பிஸ்கட்’ என்றாள். அதையும் அடித்து ‘கிராக்கர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். மேலே கிரீம் இல்லாத மஃபினை ‘கப் கேக்’ என்று எழுதியது மட்டும் அவள் பிழை. அந்த மதிப்பெண்ணை நான் கேட்கவில்லை.

இருபத்திரண்டு வருடங்களாகத் தோட்டப்பாளையத்தில் பேக்கரி அடுப்பின் முன் நிற்கிறவன் நான். ‘பிஸ்கட்’ என்ற சொல்லுக்கு மூலமான லத்தீனில் ‘இருமுறை சுட்டது’ என்று பொருள். அதற்கு அப்படியே பொருந்துவது என் கடையில் ரஸ்க் ஒன்றுதான்: ரொட்டியாகச் சுட்டு, ஆறவிட்டு, அறுத்து, மறுபடி அடுப்பில் வைப்போம். பிரிட்டனில் அந்தச் சொல் மொறுமொறுப்பான பண்டங்களுக்கெல்லாம் பொதுப்பெயராகிவிட்டது. அங்கே குக்கியும் அதில் ஒரு வகை, கிராக்கரும் ஒரு வகை. ‘குக்கி’ டச்சு மொழியிலிருந்து அமெரிக்க ஆங்கிலத்துக்கு வந்த சொல். ‘சிறு கேக்’ என்று அர்த்தம். அமெரிக்காவில் போய் பிஸ்கட் கேட்டால், பேக்கிங் பவுடர் போட்டு உப்பவைத்த மெத்தென்ற சிறு ரொட்டியைக் கொடுப்பார்கள். நம் ஊர் ஆங்கிலம் பிரிட்டன் வழியில் வந்தது. உங்கள் வினாத்தாளிலேயே நிறத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை பிரிட்டன் வழக்கப்படி ‘யு’ எழுத்துச் சேர்த்துத்தான் அச்சிட்டிருக்கிறீர்கள். எழுத்துக்கு ஒரு நாடு, பண்டத்துக்கு வேறொரு நாடா?

கிராக்கர் என்பது சர்க்கரை சேர்க்காத மாவை மெல்லியதாகத் தேய்த்து, ஆவி தங்கி உப்பிவிடாமல் இருக்கத் துளையிட்டுச் சுடுவது. என் மகள் அதைப் பார்த்தே வளர்ந்தவள். ஆனால் வேலூர்க் குழந்தைக்குக் கிராக்கர் என்றால் தீபாவளிப் பட்டாசு.

மெல்லிய கேக்கின் மேல் ஆரஞ்சு ஜெல்லியும் சாக்லேட்டும் வைத்த ஜாஃபா கேக் என்ற பண்டம் கேக்கா, பிஸ்கட்டா என்று 1991-இல் பிரிட்டனில் வரித் தீர்ப்பாயமே உட்கார்ந்து விசாரித்தது. பழையதானால் கேக் இறுகும், பிஸ்கட் நமத்துப்போகும் என்பது வரைக்கும் பார்த்து, கேக்தான் என்று முடிவு செய்தார்கள். அவ்வளவு யோசிக்க வேண்டிய விஷயத்தில் ஒரு குழந்தையின் விடையை ஒரே கோட்டில் அடித்துவிட்டீர்கள்.

மதிப்பெண்ணைவிட மனத்தை அறுப்பது வேறு. “பேக்கரிக்காரர் மகளுக்கே இது தெரியவில்லையா?” என்று வகுப்பில் எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறார் உங்கள் ஆசிரியை.

சி.எம்.சி. மருத்துவமனைக்கு வைத்தியத்துக்கு வந்து லாட்ஜ்களில் தங்கியிருக்கும் வங்காளக் குடும்பங்கள் மாலையில் என் கடைக்கு வருவார்கள். அவர்கள் மொழி எனக்குத் தெரியாது. பள்ளி விட்டு வந்து மாவு மூட்டைமேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும் என் மகள்தான் எழுந்து வந்து அவர்களுடன் ஆங்கிலத்தில் பேசுவாள். அவர்கள் ‘பிஸ்குட்’ என்பார்கள், இவள் ‘பிஸ்கட்’ என்பாள்; இரண்டு பக்கமும் புரிந்துவிடும். நோயாளிக்கு இனிப்பு ஆகாது என்றால் சால்ட் பிஸ்கட்டை எடுத்து நீட்டுவாள். இப்போது அவள் எழுந்து வருவதில்லை. போன வாரம் ஒரு முதியவர் கண்ணாடிப் பெட்டியைக் காட்டி ‘பிஸ்குட்’ என்றபோது, அவள் என் முகத்தைப் பார்த்தாள். அந்தச் சொல்லைச் சொல்லலாமா என்று கேட்கும் பார்வை அது. அவளுக்கு வயது ஒன்பது.

ஆங்கிலம் வரும் என்று நம்பித்தான் கட்டணம் கட்டுகிறோம், கேட்கிற விலைக்குப் புத்தகம் வாங்குகிறோம். இடைவேளையில் தமிழில் பேசினால் ஐந்து ரூபாய் அபராதம் என்கிறீர்கள், அதையும் கட்டுகிறோம். வாயில் இருக்கிற தமிழுக்கும் தண்டனை, கையில் எழுதிய ஆங்கிலத்துக்கும் தண்டனை என்றால் குழந்தை எதைத்தான் பேசும்?

மன்னியுங்கள், அபராதத்தைப் பற்றிப் பெற்றோர் எல்லோரும் சேர்ந்து வந்து பேசுகிறோம். இப்போது நான் பணிவோடு கேட்பது அந்த இரண்டு மதிப்பெண்களைத்தான். இனி வரும் தேர்வுகளில் இரண்டு பெயர்களில் எதை எழுதினாலும் சரி என்று ஏற்றுக்கொள்ளுங்கள். சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்துக்கு விடைத்தாளை எடுத்து வருகிறேன். அதே சிவப்பு மையால் திருத்திக் கொடுங்கள். திங்கட்கிழமை வகுப்பில், அந்த ஆசிரியையே என் மகளிடம் அது சரியான விடை என்று சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தந்தை,
தோட்டப்பாளையம், வேலூர்.