கஞ்சமலைக் கதையும் வெள்ளிக்கிழமைக் கடைசி வகுப்பும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஆறாம் வகுப்புக்கு வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையைக் கதைக்காக ஒதுக்கி ஒரு மாதமாகிறது. போன வாரம் ஒரு தாயார் என்னைப் பார்க்க வந்தார். இரவுச் சாப்பாட்டின்போது மகள் நம் சேலத்துக்குப் பக்கத்திலுள்ள கஞ்சமலைச் சித்தர் கதையைச் சொன்னாளாம். அதற்குமேல் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லையாம். “இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு?” என்று கேட்டார். உங்களில் வேறு சிலரும் இதை மனதில் வைத்திருக்கக்கூடும் என்பதால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

கதை இதுதான். இளமை தரும் மூலிகை தேடி மலைக்கு வந்த குரு, சீடரைச் சோறாக்கச் சொல்லிவிட்டுப் போகிறார். கைக்குக் கிடைத்த குச்சியை ஒடித்துச் சீடர் கிளற, சோறு கறுத்துப்போகிறது. திட்டுக்குப் பயந்து அவ்வளவையும் தானே தின்றுவிட்டு வேறு உலை வைக்கிறார். குரு திரும்பி வந்தால் எதிரே நிற்பவன் ஓர் இளைஞன்! தேடி வந்த மூலிகை அந்தக் குச்சிதான். சீடரை வாந்தியெடுக்க வைத்து, அதை உண்டு குருவும் இளமை பெறுகிறார்.

வாந்தியை மட்டும் விட்டுவிட்டுச் சொல்லலாமே என்றார் அந்தத் தாயார். ஜெர்மனியில் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்கள் இப்படிச் செய்து பார்த்தவர்கள்தான். அவர்கள் தொகுப்பின் 1812 பதிப்பில், கதைநாயகி ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொன்னவள் பெற்ற தாய். 1819 பதிப்பில் அவள் மாற்றாந்தாய் ஆகிவிட்டாள். தாயின் பெயர் காப்பாற்றப்பட்டது, சரி. உலகத்திலுள்ள சித்திமார்கள் எல்லோரும் இன்றுவரை அந்தப் பழியைச் சுமக்கிறார்கள். நம் பள்ளியிலும் சித்தியிடம் வளரும் பிள்ளைகள் உண்டு. அதனால் கதையில் கத்தரி வைக்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

மூடநம்பிக்கை வளரும் என்ற பயமும் வேண்டாம். கஞ்சமலையில் இரும்புத்தாது இருப்பதைப் புவியியல் ஆசிரியர் சொல்கிறார். சித்தர் இருந்ததைப் பாட்டி சொல்கிறாள். இரண்டையும் குழப்பிக்கொண்ட பிள்ளையை நான் இதுவரை பார்க்கவில்லை. ஏற்காட்டு மலைக் கிராமத்திலிருந்து வந்து படிக்கும் மாணவன், தங்கள் மலையாளி இனத்தின் முன்னோர்களான மூன்று அண்ணன் தம்பிகள் காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு சேர்வராயன் மலை, பச்சைமலை, கொல்லிமலை என்று பிரிந்து குடியேறிய கதையைச் சொன்னான். மலையாளி என்றால் கேரளக்காரர் என்றே நினைத்திருந்த வகுப்புக்கு, அது தமிழ் பேசும் மலைமக்களின் பெயரும்கூட என்பது அன்றுதான் தெரிந்தது.

ஒரு வேண்டுகோள். தாத்தா பாட்டிகள் வெள்ளிக்கிழமை 2.45 மணிக்குப் பள்ளிக்கு வந்து கதை சொல்ல வேண்டும். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ சௌராஷ்டிரமோ பேசுபவர்கள் அந்த மொழியிலேயே சொல்லலாம். பேரப்பிள்ளை தமிழில் எடுத்துச் சொல்லட்டும். நீதி சொல்லி முடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வடை சுட்ட பாட்டி ஏற்கெனவே நான்கு முறை வந்துபோய்விட்டார், அவரை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

கஞ்சமலைக் கதை முடிந்ததும் ஒரு மாணவி எழுந்து, “தப்பை மறைத்தவருக்குத்தானே ஐயா முதலில் இளமை கிடைத்தது?” என்று கேட்டாள். நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் பதில் இருந்தால் நாட்குறிப்பில் எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்
சேலம்