ரகரம் ஒன்றே போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ரகரமும் றகரமும் பேச்சில் ஒன்றாகிவிட்டதால் எழுத்திலும் ஒன்று போதும், நகர னகரங்களுள் ஒன்றை நீக்கிவிடலாம், ஙகர வரிசையால் பயனில்லை என்று தங்கள் நாளிதழில் அண்மையில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். பிள்ளைகளின் சுமை குறைய வேண்டும் என்னும் அவரது அக்கறையை மதிக்கிறேன். ஆனால் தண்டையார்பேட்டையில் மாலை நேரங்களில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்துவரும் எனக்கு, அவர் சொல்லும் வழியில் சுமை குறையாது, கூடும் என்றே தோன்றுகிறது.

பேச்சைப் பின்பற்றி எழுத்தைக் குறைப்பதென்றால், யாருடைய பேச்சை என்று முதலில் கேட்க வேண்டும். எங்கள் பகுதிப் பிள்ளைகள் வாழைப்பழத்தை 'வாயப்பயம்' என்பார்கள். அது அவர்கள் வீட்டுத் தமிழ், அதில் குறையொன்றும் இல்லை. அதே பிள்ளைகள், சொல்வதை எழுதச் சொன்னால், பென்சிலைச் சற்றே நிறுத்தி, உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு 'ழ' போட்டே எழுதுகிறார்கள். ஒரு பகுதியின் பேச்சை வைத்து ழகரத்தை நீக்க யாரும் துணியமாட்டார்கள் என்றால், றகரத்துக்கு மட்டும் வேறு நீதி ஏன்? நாம் சொல்லும் 'ற்ற' வேறு, யாழ்ப்பாணத்தார் சொல்லும் 'ற்ற' வேறு. எழுத்து ஒன்றாக இருப்பதால்தான் இருவரும் ஒரே நூலைப் படிக்க முடிகிறது.

மரம்–மறம், கரி–கறி என்ற இணைகளை எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். இடம்பார்த்துப் பொருள் கொள்ளலாம் என்று மறுப்பவர்களும் உண்டு. அதைவிட முதன்மையானது புணர்ச்சி என்பேன். 'முயற்ச்சி' என்று எழுதிவந்த ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் அதன் வினைச்சொல் என்னவென்று கேட்டேன். 'முயல்' என்றாள். முயல் முயற்சி ஆகிறது, பயில் பயிற்சி ஆகிறது. வளர் வளர்ச்சி ஆகிறது, உணர் உணர்ச்சி ஆகிறது என்று பலகையில் எழுதிக் காட்டியதும், லகரம் திரிந்து வரும் 'பெரிய ற'வுக்குப் பின் ஒற்று இரட்டிக்காது என்பதை அவளே கண்டு சொன்னாள். ரகரம் ஒன்றையே வைத்துக்கொண்டு 'முயர்சி', 'வளர்ச்சி' என்று எழுதினால், எங்கே ஒற்று மிகும், எங்கே மிகாது என்பதை அந்தப் பிள்ளை சொல் சொல்லாக மனப்பாடம் செய்ய வேண்டிவரும். வெற்றியை 'வெர்ரி' என்றா எழுதுவது? அப்படிச் சொல்பவர் தமிழகத்தில் எங்கே இருக்கிறார்?

நகர னகரத்தில் அவர் சொல்வதில் ஓரளவு நியாயம் உண்டு. சொல்லின் முதலிலும் தகரத்துக்கு முன்பும் ந, மற்ற இடங்களில் ன என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஆயினும் முன்னாள் வேறு, மூன்று நாளைக் குறிக்கும் முந்நாள் வேறு. பொதுநலம், செய்நன்றி போன்ற தொடர்களில், இடையில் நகரத்தைக் கண்டதுமே அங்கே அடுத்த சொல் தொடங்குவதைக் கண் அறிந்துகொள்கிறது. ஙகர வரிசையைப் பொறுத்தவரை, ஙி, ஙீ முதலியவை சொற்களில் வருவதில்லை என்பது உண்மைதான். ஆனால் மற்ற வரிசைகளில் வரும் குறிகளே அங்கும் வருவதால், அவ்வரிசைக்கென்று யாரும் தனியே பாடுபடுவதில்லை.

பெரியாரின் சீர்திருத்தத்தை அவர் துணைக்கு அழைத்திருக்கிறார். 1978-ஆம் ஆண்டு அரசாணையால் ணா, றா, னா, லை, னை உள்ளிட்ட 13 எழுத்துகளின் வடிவம்தான் மாறியதே தவிர, எந்த எழுத்தும் நீக்கப்படவில்லை. விதிவிலக்காக நின்ற வடிவங்கள் பொது ஒழுங்குக்குள் வந்ததால் அது பிள்ளைகளுக்கு உண்மையிலேயே உதவிற்று. றகரத்தை நீக்குவதோ இருக்கும் ஒழுங்கைக் குலைப்பதாகும்.

தங்கள் மாணவர் பகுதியில் ர–ற வேறுபாட்டுப் பட்டியல்களை மட்டும் வெளியிடாமல், முயல்–முயற்சி, வளர்–வளர்ச்சி போன்று வினையோடு சேர்த்து வாரந்தோறும் சில சொற்களையாவது வெளியிட வேண்டுகிறேன். செய்திகளில் 300 என்பதை எழுத்தால் அச்சிடும்போது, 'முன்னூறு' என்பதைத் தவிர்த்து 'முந்நூறு' என்றே அச்சிடவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தமிழாசிரியை ஒருவர்,
தண்டையார்பேட்டை, சென்னை.