பெட்டிக்கு முன் ஆளைப் பார்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீ அனுப்பிய படங்களையும் விலைப்பட்டியலையும் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தேன். பள்ளி ஆண்டு விழாக்கள் தொடங்குவதற்குள் பெட்டிக்குள் படுத்த ஆளை ரம்பத்தால் அறுப்பதுபோல் காட்டும் மேஜிக் வித்தை ஒன்றை உன் நிகழ்ச்சியில் சேர்த்துவிட வேண்டும் என்று நீ நினைப்பது சரியான நினைப்புத்தான். உன் அப்பா இருந்திருந்தால் ரம்பம் பிடிப்பவரின் பக்கத்திலிருந்து உனக்கு யோசனை சொல்லியிருப்பார். நான் அவருடைய மேடையில் பெட்டிக்குள் படுத்தவள் என்பதால் அந்தப் பக்கத்திலிருந்துதான் சொல்ல முடியும். தொழில் ரகசியம் எதையும் கடிதத்தில் எழுத மாட்டேன். அவற்றை நீ வரும்போது கதவைச் சாத்திக்கொண்டு பேசுவோம்.

பெட்டியின் நிறம், சக்கரம், மடக்கும் விதம் என்று எல்லாவற்றையும் விரிவாக எழுதிய நீ, அதற்குள் யார் படுக்கப் போகிறார் என்பதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. பெட்டியை வாங்கிவிட்டு அதற்கேற்ற ஆளைத் தேடுவது, ரவிக்கையைத் தைத்துவிட்டு உடம்பைத் தேடுவதைப் போன்றது. முதலில் ஆளைத் தீர்மானித்துக்கொள். அவருடைய உயரம், தோள் அகலம், இடுப்புச் சுற்றளவு, முழங்காலை எவ்வளவு மடக்க முடிகிறது, முதுகுவலி உண்டா, மூடிய இடத்தில் பயம் வருமா என்பதையெல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்ட பிறகே பட்டியலைத் திற.

அந்த ஆள் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. 1921 ஜனவரி 17 அன்று லண்டனில், ஃபின்ஸ்பரி பார்க் எம்பயர் அரங்கில் மேஜிக் கலைஞர் பி.டி. செல்பிட் இந்த வித்தையை முதன்முதலில் பொதுமக்களுக்குக் காட்டியபோது பெட்டிக்குள் இருந்தவர் பெட்டி (Betty) பார்க்கர் என்ற பெண். இங்கிலாந்தில் பெண்கள் வாக்குரிமைக்காகப் போராடி, 1918இல் முப்பது வயதைத் தாண்டியவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் அதைப் பெற்றிருந்த காலம் அது. அந்தப் போராட்டத்தின் முன்னணியில் நின்ற கிறிஸ்டபெல் பாங்க்ஹர்ஸ்டையே தன் பெட்டிக்குள் படுக்க வருமாறு செல்பிட் விளம்பரத்துக்காக அழைத்தார். அந்த அம்மையார் மறுத்துவிட்டார். அதே ஆண்டு அமெரிக்காவில் ஹொரஸ் கோல்டின் என்ற மேஜிக் கலைஞர் இதே வித்தையின் தன் வடிவத்தை நியூயார்க் ஹோட்டல் ஒன்றில் மேஜிக் கலைஞர்களின் விருந்தில் காட்டியபோது, படுக்க வைத்தது ஹோட்டல் பணியாள் ஒருவரை. ஆக, தொடக்கத்திலேயே ஆணும் படுத்திருக்கிறார். பெண்ணொருத்தி ரம்பத்தை எடுத்து ஆணை அறுக்கும்போது, நம் ஊர்க் கூட்டத்தில், முக்கியமாகப் பெண்கள் பக்கத்திலிருந்து எழும் கைதட்டல் தனியாக இருக்கும் என்பது என் எண்ணம். உன்னோடு கல்லூரியில் நாடகம் போட்ட அந்த ஒல்லியான பையன் சம்மதித்தால் யோசித்துப் பார்.

இனி வகைகளுக்கு வருகிறேன். செல்பிட் காட்டியதில் ஆள் முழுவதுமாக மூடிய பெட்டிக்குள் இருப்பார். கை, கால், கழுத்தில் கட்டிய கயிறுகளின் நுனிகளைப் பார்வையாளர்கள் வெளியே பிடித்திருப்பார்கள். அந்தக் காலத்துக்கு அது போதுமானதாக இருந்தது. இன்றைய பிள்ளைகள், உள்ளே ஆள் இருப்பதைக் கண்ணால் பார்த்தால்தான் நம்புவார்கள். கோல்டினின் வகையில் தலையும் கைகளும் பாதங்களும் வெளியே தெரியும். அறுத்த பிறகு பெட்டியின் இரண்டு பாதிகளும் தனித்தனியாக நகரும். பாதங்கள் ஒரு பக்கம் அசைய, முகம் இன்னொரு பக்கம் சிரிக்க, நடுவில் மேஜிக் செய்பவர் நடந்து போகும் அந்த ஒரு காட்சிக்காகத்தான் நூறாண்டு கடந்தும் இந்த வித்தை நிலைத்து நிற்கிறது. உன் பட்டியலில் உள்ள முதல் பெட்டி இந்த வகையின் பேரப்பிள்ளை. அதற்கு மேடையில் எத்தனை பேர் வேண்டும், எவ்வளவு நேரம் முன்னதாகத் தயாராக வேண்டும் என்பதைத் தயாரிப்பாளரிடம் வெளிப்படையாகக் கேட்டுக்கொள். இதற்கு மேல் இங்கே எழுதவில்லை.

இரண்டாவது படம், மெல்லிய பலகைமேல் சிறிய பெட்டி வைத்த மாதிரி. பார்க்க அழகாக இருப்பது அதுதான், ஒப்புக்கொள்கிறேன். "இவ்வளவு சின்னதில் எப்படி?" என்று கூட்டமே வாய் பிளக்கும். ஆனால் மேசை எவ்வளவு மெல்லியதாகிறதோ அவ்வளவு பாரம் உள்ளே இருப்பவரின் உடம்பின்மேல் ஏறுகிறது. நாட்டியக்காரர்களைப் போல உடம்பு வளைகிறவர்களை வைத்து, அவர்களின் அளவுக்கே செய்யப்படும் சாதனம் அது. விளம்பரக் காணொளியில் அந்தப் பெண் சிரித்துக்கொண்டே எழுந்து வருவதைப் பார்த்து ஏமாந்துவிடாதே. அந்தச் சிரிப்புக்குப் பின்னால் மாதக்கணக்கான பயிற்சி இருக்கும். ஒரு சீசனுக்கு ஒரு ஆள், அடுத்த சீசனுக்கு வேறு ஆள் என்று மாற்றிக்கொண்டிருக்கும் உன் குழுவுக்கு அது பொருந்தாது.

வட்ட ரம்பம் வேண்டவே வேண்டாம். கோல்டின் தன் முறைக்குக் காப்புரிமை கேட்டு 1923இல் பெற்றும்விட்டார். ஆனால் காப்புரிமை ஆவணத்தில் செய்முறையை விளக்கியாக வேண்டும், அதை யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம் என்பதால் ரகசியம் வெளியே போய்விட்டது. பிறகு 1931 வாக்கில் பெட்டியே இல்லாமல், மின்சார வட்ட ரம்பத்தால் அறுக்கும் வடிவத்துக்கு அவர் மாறினார். நம் நாட்டில் அதைப் பெரும் புகழுக்குக் கொண்டுபோனவர் மேஜிக் கலைஞர் பி.சி. சர்க்கார். 1956 ஏப்ரல் 9 அன்று பிபிசி தொலைக்காட்சியின் பனோரமா நிகழ்ச்சியில் அவர் பதினேழு வயது தீப்தி தேயை வட்ட ரம்பத்தால் அறுத்துக் காட்டினார். அறுத்து முடித்து அந்தப் பெண்ணின் கையைத் தட்டி எழுப்பிப் பார்த்தார், அவள் அசையவில்லை. அவள் முகத்தைத் துணியால் மூடினார். தொகுப்பாளர் ரிச்சர்ட் டிம்பிள்பி கேமராவுக்கு முன்னால் வந்து, நிகழ்ச்சி முடிந்தது என்று அறிவித்துவிட்டார். கொலையைப் பார்த்துவிட்டோம் என்று நினைத்த மக்களின் அழைப்புகளால் பிபிசியின் தொலைபேசிகள் திணறின. நிகழ்ச்சிக்கு நேரம் போதாமல் போனது என்று சொன்னார்கள். லண்டனில் சர்க்காரின் மேடை நிகழ்ச்சிக்கு அதைவிடப் பெரிய விளம்பரம் கிடைத்திருக்காது. உன் அப்பா இந்தக் கதையை எத்தனை முறை சொன்னாலும் கண்கள் விரியச் சொல்வார். சர்க்காரின் மேடை ஞானத்துக்கு நானும் தலைவணங்குகிறேன். ஆனாலும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து பார்க்கும் உன் நிகழ்ச்சியில், அறுபட்டவர் எழுந்து, நடந்து வந்து, பிள்ளைகளைப் பார்த்துக் கையசைத்த பிறகே திரை மூட வேண்டும். தவிர, ஜெனரேட்டரை நம்பி நடக்கும் திருவிழா மேடையில், மனித உடம்புக்குப் பக்கத்தில் சுழலும் இயந்திரத்தை வைப்பதற்கு எந்தத் தாயும் சம்மதிக்க மாட்டாள். கைரம்பம் போதும். அது மரத்தில் இழுபடும் சத்தமும் கீழே கொட்டும் மரத்தூளும் மோட்டாரின் இரைச்சலைவிட வயிற்றைக் கலக்கும்.

நீ எங்கே நிகழ்ச்சி நடத்துகிறாய் என்பதையும் எண்ணிப் பார். கல்யாண மண்டபத்தில் தரை சமதளம். பத்தாவது வரிசைக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு முன்னால் உட்கார்ந்தவர்களின் தலைதான் தெரியும், படுக்கைவாட்டில் இருக்கும் பெட்டி தெரியாது. கோயில் திருவிழாவிலோ மேடையின் இரண்டு பக்கமும் ஆட்கள் வந்து நிற்பார்கள், பையன்கள் பின்பக்கத் தட்டியையும் விலக்கிப் பார்ப்பார்கள். ஆகவே எந்தெந்த ஆங்கிளிலிருந்து பார்க்கலாம் என்று கேட்காமல் எதையும் வாங்காதே. "எல்லாப் பக்கமும் பார்க்கலாம்" என்று பொதுவாகச் சொன்னால் போதாது. தயாரிப்பாளரின் பட்டறைக்கே போய், அவர்கள் செய்து காட்டும்போது பக்கவாட்டிலும், நாற்காலிமேல் ஏறியும் நீயே பார்.

இந்தக் காரணத்தால்தான் உன் மூன்றாவது படத்தின்மேல் எனக்கு நாட்டம். நின்ற நிலையில் ஆளை மூன்று துண்டாக்கி, நடுத்துண்டைப் பக்கவாட்டில் இழுத்துவிடும் அந்த அலமாரி, ராபர்ட் ஹார்பின் என்ற மேஜிக் கலைஞர் 1965இல் கொண்டுவந்தது. ரம்பம் இல்லை, தகடுகள்தான். இருந்தாலும் அறுக்கும் குடும்பத்தைச் சேர்ந்ததே. நிமிர்ந்து நிற்பதால் கடைசி வரிசைப் பாட்டிக்கும் தெரியும். முகம், கை, பாதம் மூன்றும் கடைசிவரை கண்ணெதிரே இருக்கும். வித்தையின் பெரும்பகுதியைச் செய்பவர் உள்ளே நிற்பவர்தான் என்பதால் அவருக்கும் அது பெருமை. ஹார்பினிடம் கேட்காமலே அதைப் பலர் நகலெடுத்து விற்றார்கள். நீ வாங்கும்போது, முறையான உரிமையோடு செய்பவரா என்று விசாரித்து வாங்கு. கொஞ்சம் கூடுதலாகச் செலவானாலும் பரவாயில்லை, நான் தருகிறேன்.

எதை வாங்கினாலும் பணத்தைக் கொடுப்பதற்கு முன் பழைய நைலான் புடவைத் துண்டு ஒன்றைக் கையில் சுற்றிக்கொண்டு பெட்டியின் உட்பக்கம் முழுவதும் மெல்லத் தடவிப் பார். துணி எங்கே சிக்குகிறதோ அங்கே சிலாம்போ ஆணி முனையோ இருக்கிறது. அந்த இடத்தில் நாளைக்கு ஒருவருடைய முதுகு உரசும். காற்று வரும் வழி முகத்தருகே இருக்கிறதா என்று பார். வெளியே பூட்டு எவ்வளவு பெரிதாகத் தொங்கினாலும், உள்ளே இருப்பவர் தானாகத் திறந்து வெளியே வர வழி இருக்க வேண்டும். பிளைவுட் தண்ணீர் தாங்கும் ரகமாக இருக்கட்டும், ஐப்பசி மழையில் பலகை ஊதிவிட்டால் சரளமாக நகர வேண்டியது நடு மேடையில் மக்கர் செய்யும். டாடா ஏஸில் ஏறுமா, இரண்டு பேர் தூக்க முடியுமா என்பதையும் அளந்துகொள். உள்ளே போகிறவர் வளையல், கொலுசு, கொண்டை ஊசி எதுவும் அணியக் கூடாது. ஒத்திகையையும் மேடை உடையிலேயே செய்ய வேண்டும். மூன்று முறை தட்டினால் உடனே நிறுத்தித் திற என்ற ஏற்பாடு எங்களுக்குள் இருந்தது. அப்பா ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்னால் அதை என்னிடம் ஒரு முறை தட்டிக் கேட்டுச் சரிபார்த்துக்கொள்வார். நீயும் அப்படியே செய்.

இந்த வாரமே உன் ஆள் யார் என்று முடிவு செய்து, அவருடைய அளவுகளை சென்டிமீட்டரில் எழுதி எனக்கு அனுப்பு. பட்டறைக்குப் போகும் நாளைச் சொன்னால் நானும் பஸ் ஏறி வந்துவிடுகிறேன். உனக்கு ஆட்சேபணை இல்லையென்றால், பெட்டிக்குள் முதலில் நான் இறங்கிப் பார்க்கிறேன்.

அன்புடன்,
அம்மா