கழுத்தைப் பார்த்துவிட்டுக் காற்றை நிரப்புங்கள்

ஸ்கூபா சிலிண்டர்களைப் பரிசோதிப்போருக்கும், காற்று நிரப்பித் தருவோருக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

என்னிடம் 1984 முத்திரை குத்திய அலுமினிய சிலிண்டர் ஒன்று இருக்கிறது. போன முறை ஆண்டுப் பரிசோதனைக்குக் கொடுக்கும் முன், வால்வின் அடிவிளிம்பிலிருந்து சிலிண்டரின் கழுத்துவரை குறுக்கே ஒரு பென்சில் கோடு போட்டு அனுப்பினேன். சந்தேகம்தான், வேறென்ன. மூன்று நாள் கழித்துப் புது ஸ்டிக்கர் பளபளக்க சிலிண்டர் திரும்பி வந்தது. கோடு போட்டபடியே இருந்தது. வால்வைக் கழற்றி மறுபடி மாட்டும்போது இரண்டு பாதியும் மயிரிழை பிசகாமல் வந்து சேர்ந்திருக்கலாம் என்று வாதாடலாம். ஈரத்துணி பட்டாலே அழிகிற கோடு ஸ்பானருக்கும் தப்பியது என்று நம்ப ரொம்பப் பெரிய மனசு வேண்டும்.

வேறோர் இடத்துக்குக் கொண்டுபோய், என் கண்முன்னே கழற்றச் சொன்னேன். மரையின் அடியில் வெள்ளையாகக் கொஞ்சம் ஆக்சைடு பொடி. காற்று கசியாமல் அடைக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் காய்ந்து தட்டையாகிப் போயிருந்தது. விரிசல் இல்லை. இல்லை என்பது இப்போது எனக்குத் தெரியும். ஸ்டிக்கர் ஒட்டியவருக்கு அது தெரியாது. என் வழக்கு அவ்வளவுதான்.

விரிசல் விஷயத்தில் வயதைவிட உலோகக் கலவைதான் முக்கியம். 1980-களின் பிற்பகுதிவரை வந்த அலுமினிய சிலிண்டர்களில் பெரும்பங்கு 6351 என்ற கலவையில் செய்தவை. லக்ஸ்ஃபர் நிறுவனம் தன் அமெரிக்க உற்பத்தியில் 1988-இல்தான் அதை முழுவதும் கைவிட்டு 6061-க்கு மாறியது. வால்டர் கிட் சிலிண்டர்கள் எல்லாமே 6351. கட்டலீனா நிறுவனம் தொடக்கத்திலிருந்தே 6061-ஐத்தான் பயன்படுத்தியது. தோளில் இருக்கும் 3ஏஎல் (3AL) என்ற அமெரிக்கத் தர முத்திரையை மட்டும் வைத்துக் கலவையைக் கண்டுபிடிக்க முடியாது. இரண்டு கலவைக்கும் அதே முத்திரைதான். யார் செய்தது, முதல் சோதனை எந்த மாதம், எந்த ஆண்டு என்று சேர்த்துப் படிக்க வேண்டும். இன்னும் பழைய சிலிண்டர்களில் 3ஏஎல் இருக்காது, சிறப்பு அனுமதி எண் இருக்கும்: 6498, 7042, 8107, 8364, 8422. இந்த ஐந்தில் எது இருந்தாலும் அது 6351. ஒரு அட்டையில் எழுதி கம்ப்ரசர் பக்கத்தில் தொங்கவிட்டாலே போதும்.

6351-க்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டு சும்மா நிற்கும்போதே, கழுத்தின் மரைப் பகுதியிலும் அதற்குச் சற்றுக் கீழே உள்பக்கத் தோளிலும் உலோக மணிகளின் எல்லையோரமாக விரிசல் ஊர்ந்து வளரும். எத்தனை முறை நிரப்பினோம் என்பது இதில் பெரிய கணக்கே இல்லை. ஆண்டுக்கணக்கில் நிறைந்த நிலையிலேயே மூலையில் கிடந்த சிலிண்டரிலும் வளரும். "ரொம்ப நாளாக யாரும் தொடவே இல்லை, புதுசு மாதிரி இருக்கு" என்று ஒருவர் கொண்டுவந்து நீட்டினால் உங்கள் காது நிமிர வேண்டும். அலுமினியத்தில் ஈயம் கொஞ்சம் கலந்திருந்தால் விரிசலுக்கு இன்னும் தோது.

நியாயமாகச் சொல்ல வேண்டும்: இப்படி விரிசல் விட்டவற்றில் பெரும்பாலானவை கசிவோடு நின்றுவிடுகின்றன. வெடிப்பது அபூர்வம். ஆனால் வெடித்தவற்றில் பல, நிரப்பும்போதோ நிரப்பி முடித்த கையோடோ வெடித்தவை. அப்போது நான் வீட்டில் இருப்பேன். சிலிண்டர் பக்கத்தில் நீங்கள் நிற்பீர்கள். நாம் எல்லோரும் வைத்திருக்கும் 11 லிட்டர் சிலிண்டரை 207 பார் அழுத்தம்வரை நிரப்பினால் உள்ளே அடைபடும் ஆற்றலைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய 450 கிலோ ஜூல் வருகிறது. ஒன்றரை டன் கார் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவு.

"ஹைட்ரோ டெஸ்ட் பாஸ் ஆகியிருக்கே" என்பதுதான் நான் அடிக்கடி கேட்கும் பதில். ஹைட்ரோவில் என்ன நடக்கிறது? சிலிண்டரில் தண்ணீர் நிரப்பி, தண்ணீர் உறைக்குள் வைத்து, வேலை அழுத்தத்தைப் போல் மூன்றில் ஐந்து பங்குக்கு, அதாவது 207-க்கு 345 பார்வரை ஏற்றுகிறார்கள். எவ்வளவு உப்பியது, அழுத்தத்தை இறக்கியபின் எவ்வளவு சுருங்காமல் தங்கியது என்று அளக்கிறார்கள். தங்கியது மொத்த உப்பலில் 10 சதவீதத்தைத் தாண்டினால் சிலிண்டர் கழிவு. நல்ல சோதனைதான், உடற்சுவரைப் பற்றி. கழுத்து தடித்த பகுதி. அது உப்புவதே சொற்பம். மரையில் பாதிவழி ஓடியிருக்கும் விரிசல் அந்த அளவீட்டில் ஒரு புள்ளியைக்கூட அசைக்காது. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை இதைப் புரிந்துகொண்டுதான், 2007 தொடக்கத்திலிருந்து, 6351 ஸ்கூபா சிலிண்டர்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும் மறுசோதனையில் கழுத்துக்கு எடி கரண்ட் சோதனையும், அதாவது மின்சுருள் ஒன்றை மரைக்குள் விட்டு விரிசலைத் தேடும் சோதனையும் கட்டாயம் என்றது. அதில் தேறினால் தேதி முத்திரையை அடுத்து 'விஈ' (VE) என்ற இரண்டு எழுத்து குத்தப்படும். உங்கள் நாட்டு விதி எதுவாயினும், 6351 சிலிண்டரில் அந்த இரண்டெழுத்தைத் தேடுங்கள். இல்லையென்றால் நிரப்பாதீர்கள். நான் கோபப்படமாட்டேன்.

எடி கரண்டும் மந்திரக்கோல் அல்ல. சுருளை மரைக்குள் சுற்றி இறக்கும்போது கருவி கீச்சிட்டால், அங்கே ஏதோ இருக்கிறது என்றுதான் பொருள். அது விரிசலா, மரை வெட்டிய உளி நின்ற தடமா, வாயை ஒடுக்கிக் கழுத்தாக்கியபோது விழுந்த மடிப்பா என்று சொல்வது விளக்கும் கண்ணாடியும். வெளிச்சத்தை உள்ளே இறக்கி, சின்னக் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்துப் பொறுமையாகச் சுற்றிப் பாருங்கள். விரிசல் மரைகளுக்குக் குறுக்கே, மேலிருந்து கீழாக, ஒரு மரையில் விட்ட இடத்தில் அடுத்த மரையைப் பிடித்துக்கொண்டு கறுப்புக் கோடாக ஓடும். உளித்தடம் அப்படித் தொடராது. இந்த வித்தியாசத்தைப் பார்க்கப் பழகாதவர் கையில் கருவியைக் கொடுத்தால் நல்ல சிலிண்டரும் போகும். அதனால்தான் 6061 சிலிண்டருக்கு எடி கரண்ட் வைக்க வேண்டாம் என்கிறேன். அந்தக் கலவைக்கு இந்த நோயே இல்லை. பொய் எச்சரிக்கைதான் மிஞ்சும்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் நிற்பவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. "1990-க்கு முந்தையது எதையும் தொடமாட்டோம்" என்று சுவரில் எழுதி ஒட்டியிருப்பவர்கள். உங்கள் கடை, உங்கள் உயிர், மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அதே கையால், 2005-இல் செய்த 6061 சிலிண்டரை வால்வு கழற்றாமல் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புகிறீர்களே? உள்ளே உப்புத்தண்ணீர் புகுந்து குழி அரித்திருந்தால், அடியில் மாட்டும் ரப்பர் உறைக்குள் தேங்கிய ஈரம் அடியைத் தின்றிருந்தால், ஆண்டு முத்திரை காப்பாற்றாது. பெயிண்ட் அடித்துச் சூளையில் வைத்துச் சுட்ட சிலிண்டரும் அப்படித்தான். சுமார் 177 டிகிரி செல்சியஸ் தாண்டிய சூடு பட்ட அலுமினியம் பழைய பலத்தில் இருக்காது; தூக்கிப் போட வேண்டியதுதான்.

இன்னொன்று, சிறியதுதான். எஃகு சிலிண்டர் சிலவற்றில் தேதிக்குப் பக்கத்தில் கூட்டல் குறி இருக்கும், பத்து சதவீதம் கூடுதலாக நிரப்பலாம் என்று. அலுமினியத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. "கொஞ்சம் தாராளமா போடுங்க" என்று கேட்கும் வாடிக்கையாளருக்கு இதைச் சொல்லுங்கள். ஒரு காலத்தில் கேட்டவர்களில் நானும் ஒருவன்.

கழிவு என்று நீங்கள் தீர்மானித்தால், கண்ணாடியை என் கையில் கொடுத்து அந்தக் கோட்டைக் காட்டுங்கள். என்ன பார்த்தீர்கள், எந்த மரையில் பார்த்தீர்கள் என்று இரண்டு வரி எழுதியும் கொடுங்கள். பார்த்துவிட்டால் வாதாடமாட்டேன், மரையை அழித்துவிடுங்கள் என்று நானே சொல்வேன். ஸ்டிக்கர் ஒட்டுவதானால் வால்வு கழற்றிய தேதியை அதில் எழுதுங்கள்.

அடுத்த மாதம் அந்த 1984 சிலிண்டர் மறுபடி வருகிறது, காற்றை வடித்துத்தான் கொண்டுவருவேன். புது ஓ-ரிங் என் பையில் இருக்கும். பென்சில் கோடும் இருக்கும்.

இப்படிக்கு,
பழைய சிலிண்டரை விட மனமில்லாத ஒரு முக்குளிப்பாளர்