தம்பிக்கு, ஊசி விஷயமாக

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பியவற்றைப் பார்த்தேன். தன் கொரோனா ஊசியால் அபூர்வமாக ரத்தம் உறையலாம் என்று ஆஸ்ட்ராஜெனகா கம்பெனி லண்டன் நீதிமன்றத்தில் 'ஒப்புக்கொண்ட' செய்தி ஒன்று, ஊசியால்தான் என்று சொல்லி, ஜிம்மில் சுருண்டு விழும் பையனின் வீடியோ ஒன்று. கூடவே "ஊரடங்கும் பொய், ஊசியும் பொய், எல்லாம் பிசினஸ்" என்று உன் தீர்ப்பு. ஊரடங்கு விஷயத்தில் உன்னோடு பாதி தூரம் வருகிறேன். ஊசி வேறு கணக்கு. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டாதே.

2020 ஏப்ரலில் சென்னையில் நாலு நாள் முழு ஊரடங்கு என்று திடீரென்று அறிவித்தார்கள். மறுநாள், 25-ஆம் தேதி, கோயம்பேடு காய்கறிச் சந்தையில் ஜனம் குவிந்தது. கூட்டம் கூடக்கூடாது என்று போட்ட உத்தரவே கூட்டத்தைக் கூட்டியது. சந்தையில் பரவிய தொற்று அங்கிருந்து ஊர் திரும்பியவர்களோடு கடலூர், விழுப்புரம், அரியலூர் வரை போனது. மே 5-இல் சந்தையை மூடினார்கள். இரண்டே நாளில், மே 7-இல், சென்னைக்கு வெளியே டாஸ்மாக் திறந்தது! அப்புறம் நீதிமன்றத்தில் தடை, தடைக்குத் தடை, அதெல்லாம் உனக்கே தெரியும்.

என் கோபம் பள்ளிக்கூடத்தைப் பற்றியது. ஒன்றிலிருந்து எட்டாம் வகுப்பு வரை 2020 மார்ச்சில் மூடியவர்கள் 2021 நவம்பர் 1-இல்தான் திறந்தார்கள். 2020-இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை இரண்டாம் வகுப்புக்குப் போன பிறகுதான் வகுப்பறையையே பார்த்தது. கிராமப் பிள்ளைகளின் படிப்பை அளக்கும் ஏசர் ஆய்வில், நம் மாநிலக் கிராமங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் 2018-இல் நூற்றுக்குப் பத்துப் பேர். அதுவே குறைவு. 2022-இல் ஐந்துக்கும் கீழே போய்விட்டது. கொரோனாவால் மிகக் குறைவாகப் பாதிக்கப்பட்ட வயதுதான் மிக அதிக நாள் அடைபட்டுக் கிடந்தது. இதை நியாயப்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

அதே சமயம் 2021 மே மாதத்தையும் நினைத்துப் பார். 21-ஆம் தேதி ஒரே நாளில் தமிழ்நாட்டில் 36,184 பேருக்குத் தொற்று. சென்னையில் ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ்கள் நோயாளியோடு வரிசையில் நின்றன. அந்த வாரம் ஊரை அடைக்காமல் வேறென்ன செய்திருக்க முடியும்? ஊரடங்கு வாங்கித் தருவது கொஞ்சம் அவகாசம்தான். படுக்கையும் ஆக்சிஜனும் ஊசியும் வந்து சேரும்வரை அதற்கு மதிப்பு உண்டு. அதற்குமேல் நீட்டினால் நாளுக்கு நாள் செலவு ஏறும், வரவு இறங்கும்.

சரி, ஊசிக்கு வருவோம். 2024-இல் ரகசியம் உடைந்தது போல வந்ததே அந்த ரத்த உறைவு, அது 2021 ஏப்ரலிலேயே வெளியே தெரிந்த விஷயம். டென்மார்க் அந்த ஊசியையே நிறுத்தியது. பிரிட்டன் 30 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு வேறு ஊசி போடச் சொன்னது. அப்போது கேம்பிரிட்ஜில் இருந்த, லாப நஷ்டங்களை மக்களுக்குப் புரியும்படி சொல்லும் வின்டன் மையம் போட்ட கணக்கு எனக்குப் பிடிக்கும், யாருக்கும் சாதகமாக வளைக்காத கணக்கு அது. தொற்று குறைவாக இருக்கும் காலத்தில், இருபதுகளில் இருக்கும் ஒரு லட்சம் பேருக்குப் போட்டால் 0.8 பேர் ஐசியூவுக்குப் போகாமல் தப்புவார்கள், 1.1 பேருக்கு உறைவால் கடும் பாதிப்பு வரும். அதாவது நஷ்டம். தொற்று அதிகமாக இருந்தால் தப்புவது 6.9 பேர், உறைவு அதே 1.1. அறுபதுகளில் இருப்பவர்களுக்கோ தொற்று குறைந்த காலத்திலேயே தப்புவது 14.1, உறைவு 0.2.

ஒரே ஊசி, ஆளுக்கும் காலத்துக்கும் ஏற்பக் கணக்கு மாறுகிறது. நம் அப்பாவுக்கு யோசிக்கவே வேண்டியதில்லை. நீ அந்த ஜூனில் மருந்துக்கடையில் நின்று இருமுகிறவர்களுக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தாய். உனக்கும் போட்டதுதான் சரி. ஆனால் அப்பாவுக்குக் கிடைத்த அளவு லாபம் உனக்கு இல்லை என்பதை முகாமில் யாரும் உன்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். மறைத்தது போலத் தோன்றியதால்தான் இன்று எந்த வீடியோ வந்தாலும் நம்புகிறாய்.

இங்கே நடந்த கணக்கு வேண்டுமா? தமிழ்நாடு காவல்துறையில் வேலை செய்யும் 1,17,524 பேரின் கணக்கை 2021 மே நடுவரை எடுத்துப் பார்த்தார்கள். ஊசி போடாத 17,059 பேரில் கொரோனாவால் இறந்தவர்கள் 20. ஒரு தவணை போட்ட 32,792 பேரில் 7. இரண்டும் போட்ட 67,673 பேரில் 4. போடாதவர்களில் ஏற்கெனவே உடம்பு சரியில்லாதவர்கள் அதிகம் இருந்திருக்கலாம் என்று நீ கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆனால் இவ்வளவு பெரிய வித்தியாசத்தை அதை மட்டும் வைத்துத் தள்ளிவிட முடியாது.

ஜிம் பையனைப் பற்றி: 18 முதல் 45 வயதுக்குள் திடீரென இறந்தவர்களை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) ஆராய்ந்து 2023-இல் வெளியிட்டது. ஊசியால் அபாயம் கூடியதாகத் தெரியவில்லை. கொரோனாவுக்காக ஆஸ்பத்திரியில் படுத்தது, குடும்பத்தில் யாராவது அப்படி இறந்தது, இறப்பதற்கு முந்தைய இரண்டு நாளில் மிதமிஞ்சிக் குடித்தது, இவை போன்றவற்றால்தான் கூடியது. நடிகர் விவேக்கின் சாவையும் இழுக்காதே. அவர் போட்டுக்கொண்டது கோவேக்சின். உறைவுப் பிரச்சினை கோவிஷீல்டுக்கு, அதாவது ஆஸ்ட்ராஜெனகா ஊசியின் இந்திய வடிவத்துக்கு, உரியது.

இவ்வளவும் எழுத உட்கார்ந்ததன் காரணம் வேறு. பாப்பாவுக்கு ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசியை நீ தள்ளிப்போட்டுவிட்டாய் என்று உன் வீட்டுக்காரி சொன்னாள். 2021-இன் கோபத்தை அந்தக் குழந்தை மேல் காட்டாதே. தட்டம்மை, நம் பக்கத்தில் மணல்வாரி என்பார்களே அதுதான், ஒருவரிடமிருந்து பன்னிரண்டு பேருக்கு மேல் தொற்றக்கூடியது. ஆயிரம் குழந்தைகளுக்கு வந்தால் ஒன்றுக்கு மூளை வரை பாதிக்கும். ஊசியால் கடும் ஒவ்வாமை வருவது பத்து லட்சத்தில் சிலருக்கு. கொரோனா காலத்தில் ஊசி தவறிப்போன பிள்ளைகள் நிறைய. 2022 கடைசியில் மும்பையில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் இறந்தபோது, பெரும்பாலும் ஊசி போடாத பிள்ளைகள்தான் மாட்டிக்கொண்டார்கள். ஊரடங்கின் செலவில் இதையும் சேர்த்துக்கொள்.

புதன்கிழமை காலையிலேயே கிளம்பு. அது பொடியைக் கரைத்துப் போடும் ஊசி. கரைத்த புட்டியை நாலு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. எத்தனை மணிக்குக் கரைத்தது என்று நர்ஸம்மாவிடம் தாராளமாகக் கேள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வைட்டமின் ஏ சொட்டும் கொடுப்பார்கள். போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திரு. ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் காய்ச்சலோ லேசான தடிப்போ வந்தால் அது அநேகமாக ஊசியால்தான். அப்போது போன் பண்ணி என்னைத் திட்டிக்கொள். ஊசி அட்டையை மட்டும் மறக்காமல் எடுத்துப் போ.

அன்புடன்,
அக்கா