பாண்டி என்பவனும் பத்திரம் கேட்பவரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கேரளத் தமிழர்களைப் பற்றி உங்கள் பத்திரிகையில் எது வந்தாலும் 'இனவெறி' என்ற வார்த்தை முதல் ஆளாக வந்து உட்கார்ந்துவிடுகிறது. பஸ்ஸில் கண்டக்டர் தமிழனை இளக்காரமாகப் 'பாண்டி' என்றான், இனவெறி. கடைக்காரன் சில்லறையை மேஜையில் வீசினான், இனவெறி. நான் பிறந்து வளர்ந்தது வண்டிப்பெரியாறு. இங்கே ஒரு அக்ஷயா சென்டரில், அதாவது அரசாங்க இ-சேவை மையத்தில், லயத்து (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசை) ஜனங்களுக்கு விண்ணப்பம் போட்டுக்கொடுப்பது என் பிழைப்பு. அந்த உரிமையில் சொல்கிறேன், நீங்கள் பிடித்துக்கொண்டிருப்பது வேறு ஆளின் சட்டையை.

பாண்டி என்கிறவனிடம் இருப்பது துவேஷம். கேட்டால் சுருக்கென்றுதான் இருக்கும். ஆனால் அவனால் என் ரேஷன் கார்டைத் தொட முடியாது. அவன் கடை வேண்டாம் என்றால் எதிர்க்கடையில் டீ குடித்துக்கொள்ளலாம். துவேஷம் ஒரு பக்கத்துச் சொத்தும் இல்லை. மலையாளத்தானை நம்பாதே, சிரித்துக்கொண்டே காரியம் பார்ப்பான் என்று எங்கள் லயங்களில் பேசாத வீடு எது? 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினை முற்றியபோது தமிழ்நாட்டு எல்லையிலுள்ள குமுளி ரோடு அடைபட்டது. உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டங்களிலிருந்து தமிழ்க் கூலிக்காரர்கள் பிள்ளைகுட்டியோடு மலையிறங்கி ஓடினார்கள். அந்தப் பக்கம் தேனி மாவட்டத்தில் மலையாளிகளின் கடைகள் அடிவாங்கின. ரோடு திறந்ததும் காய்கறி லாரி மேலே வந்தது, ஜீப்பில் ஆட்களும் வேலைக்கு வந்தார்கள். அடிபட்டவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை. ஆனாலும் அது கொதித்து அடங்குகிற சரக்கு.

அடங்காத ஒன்று இருக்கிறது. அதற்குக் கோபமே வராது, குரலும் உயராது.

முதலாளி கைவிட்டுப் போன ஒரு தோட்டத்து லயத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். பிளஸ் டூ முடித்தவள், கல்லூரிச் சேர்க்கைக்கும் இ-கிராண்ட்ஸ் என்ற கேரள அரசு உதவித்தொகைக்கும் ஜாதி சர்டிபிகேட் வேண்டும். பள்ளர் குடும்பம். கேரளப் பட்டியலிலும் அந்தச் சாதி இருக்கிறது. ஆனால் குடும்பம் 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே இங்கே இருந்ததற்கு ரெக்கார்டு காட்ட வேண்டும். பட்டியல் சாதிகளுக்கான குடியரசுத் தலைவர் ஆணை வந்த தேதி அது. தாத்தாவுக்கு அப்பா காலத்தில், தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணி கூட்டிவந்த குடும்பம். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லை, ஆகவே பத்திரம் இல்லை, நிலவரி கட்டிய ரசீதும் இல்லை. வீடு கம்பெனியுடையது. ஆள் வேலைக்கு வந்ததற்கு இருந்த ஒரே சாட்சி செக்ரோல் புத்தகம், அதாவது தோட்டத்து ஆள் பதிவேடு. அதுவும் கம்பெனியுடையது. பூட்டிய ஆபீஸில், ஓட்டை விழுந்த கூரைக்குக் கீழே, மழையில் ஊறிக் கட்டையாக ஒட்டிப்போய்க் கிடக்கிறது. அந்தப் பெண்ணின் அப்பா அதில் ஒரு பக்கத்தைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். ஸ்கேன் செய்து பார்த்தேன். நீல மை முழுக்கப் பரவி, பெயர் இருந்த இடத்தில் 'சாமி' என்ற முடிவு மட்டும் தெரிந்தது.

கிராம அலுவலகத்தில் இருந்தவர் நல்ல மனிதர். பெண்ணை உட்காரச் சொன்னார். தமிழிலேயே பேசினார். பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம், "சேச்சீ, ஞான் எந்து செய்யானா?" (அக்கா, நான் என்ன செய்ய?) என்றார். அவர் மனதில் துவேஷம் ஒரு துளி கிடையாது, விண்ணப்பம் திரும்பிவிட்டது. அவர் கையில் இருந்த விதியில் தமிழன் என்ற வார்த்தையே இல்லை. இட ஒதுக்கீடு மாநிலத்துக்கு மாநிலம் தனி, இடம்பெயர்ந்தவர் கூடவே எடுத்துப்போக முடியாது என்று 1990-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அதற்கு நியாயமும் உண்டு. ஆனால் நிலம் உள்ளவனுக்கும், 'இன்னார் பேரன்' என்று ஊரே சாட்சி சொல்லக்கூடியவனுக்கும் அந்தத் தேதி ஒன்றும் செய்யாது. தலைமுறை தலைமுறையாக லயத்தில் இருந்தவர்களைத்தான் அது தேடிப்பிடிக்கிறது. நான் இனப்பாகுபாடு என்பது இதை.

அவனும் திராவிடன் நானும் திராவிடன், இதில் இனம் எங்கே வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. 1965-இல் ஐ.நா. கொண்டுவந்து, 1968-இல் இந்தியாவும் ஏற்றுக்கொண்ட இனப்பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கையின் முதல் பிரிவில் நிறம் மட்டும் இல்லை, வம்சாவளியும் இருக்கிறது. சாதியும் அதில் அடங்கும் என்று அந்த உடன்படிக்கையின் குழு 2002-இல் தெளிவாகவே எழுதியது. நம் அரசாங்கம்தான் முந்தின ஆண்டு டர்பன் மாநாட்டில் சாதி வேறு, இனம் வேறு என்று மல்லுக்கட்டியது. இன்னொன்றும் அந்தப் பிரிவில் இருக்கிறது: உரிமையைப் பறிக்கும் நோக்கம் இருக்க வேண்டும் என்றில்லை, விளைவு அதுவாக இருந்தாலே போதும். யார் மனதில் என்ன இருந்தது என்று குடைந்துகொண்டிருப்பதை விட்டுவிட்டு, யாருக்கு என்ன கிடைக்காமல் போயிற்று என்று பாருங்கள்.

2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பெட்டிமுடியில் மண் சரிந்து 70 உயிர் போயிற்று. ஏறக்குறைய எல்லாமே தமிழ்த் தோட்டக் குடும்பங்கள். மறுநாள் கோழிக்கோடு பக்கத்துக் கரிப்பூரில் விமான விபத்து. மாநில அரசு அங்கே இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்றது, பெட்டிமுடிக்கு 5 லட்சம் என்றது. தமிழன்தானே என்று எந்த அதிகாரியும் பாதியாக்கிக் கணக்குப் போட்டிருக்க மாட்டார். யாருக்கும் உறுத்தவில்லை, அவ்வளவுதான்.

இப்போது எங்கள் பக்கத்து லயங்களில் ஜார்க்கண்ட், அசாம் ஆட்கள் குடிவந்திருக்கிறார்கள். எங்கள் ஜனங்களே அவர்களை ஒட்டுமொத்தமாகப் 'பெங்காலி' என்கிறார்கள், குழாயடியில் கடைசியில் நிறுத்துகிறார்கள். இது துவேஷம், இதை நாங்கள்தான் நிறுத்த வேண்டும். ஆனால் ஜார்க்கண்டில் பழங்குடியான முண்டா வீட்டுப் பிள்ளை இங்கே அட்மிஷனுக்கு வந்தால் பொதுப்பிரிவு. இன்னும் இரண்டு தலைமுறை கழித்து அதன் பேரப்பிள்ளையும் என்னைப்போல ஒருத்தி முன்னால் கவரோடு நிற்கும்.

ஒரு வேண்டுகோள். அடுத்த மே மாதக் கடைசியில் நிருபர் ஒருவரை அனுப்புங்கள். பீர்மேடு, தேவிகுளம் தாலுகாக்களில் எத்தனை ஜாதி சர்டிபிகேட் விண்ணப்பம் திரும்பியது, என்ன காரணம் எழுதித் திருப்பினார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிப் போடுங்கள். செக்ரோலையும் பழைய பள்ளி அட்மிஷன் ரிஜிஸ்டரையும் சாட்சியாக ஏற்றால் என்ன என்று திருவனந்தபுரத்தில் கேளுங்கள். தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். 1969 ஆட்சிமொழிச் சட்டம் இங்குள்ள தமிழருக்கு அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது. எங்கள் சென்டருக்கு வருவதானால் காலை பத்து மணிக்கு முன்பே வரச்சொல்லுங்கள். அதற்குப் பிறகு சர்வர் படுத்துவிடும், எனக்கும் பேச நேரம் இருக்காது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வண்டிப்பெரியாறு, இடுக்கி மாவட்டம்.